மக்களாட்சியின் கணக்குப்பிள்ளைகள்

ஒவ்வொரு தேர்தலின்போதும் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். இத்தனை வேட்பாளர்கள் மீது குற்ற வழக்குகள் நிலுவையில் உள்ளன, இத்தனை பேர் கோடீஸ்வரர்கள், இத்தனை பேர் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர்கள் என்று கட்சிவாரியாகப் பட்டியல் வரும். ‘தெரிந்த கதைதானே’ என்று நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று யோசிப்பது அரிது.

தேர்தல் ஆணையம் போட்ட கணக்கு அல்ல அது. வேட்பாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தை வாங்கி, அதன் நகலை இணையத்தில் ஏற்றுவதோடு ஆணையத்தின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் களத்தில் இருந்தவர்கள் 8,360 பேர். அவர்களில் 8,337 பேரின் பத்திரங்களைப் படித்து, பிரித்து, கூட்டி, நாடறியச் சொன்னது ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏடிஆர்) என்னும் தன்னார்வ அமைப்பு.

மக்களாட்சிக்காகவும் மனித உரிமைக்காகவும் இயங்கும் இத்தகைய அமைப்புகளைப் பற்றி நம்மிடம் இரண்டு சித்திரங்கள் உண்டு. ஒன்று, பதாகை ஏந்தி முழக்கமிடும் போராளிகள். மற்றொன்று, வெளிநாட்டுப் பணத்தில் இயங்கும் சந்தேகத்துக்குரிய கூட்டம். அவர்களுடைய அன்றாட வேலை இந்த இரண்டிலும் தென்படுவதில்லை. பெரும்பாலும் அது படிப்பது, எண்ணுவது, எழுதிவைப்பது, கேள்வி கேட்பது, பதில் வராதபோது நீதிமன்றத்துக்குப் போவது. பழைய பேரேட்டுக் கடையின் கணக்குப்பிள்ளை செய்த வேலைக்கு நெருக்கமானது அது. அந்த வேலை நமக்கு எதைப் பெற்றுத் தந்திருக்கிறது, அதைச் செய்பவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு பட்டியல் உருவாகும் விதம்

வேட்பாளர்கள் அளிக்கும் பிரமாணப் பத்திரத்துக்குப் ‘படிவம் 26’ என்று பெயர். சொத்து, கடன், வருமானம், கல்வி, நிலுவை வழக்குகள், பெற்ற தண்டனைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிலர் அழகாகத் தட்டச்சு செய்து தருவார்கள். சிலர் கையால் எழுதுவார்கள். ஒருவர் தமிழில், இன்னொருவர் வங்காளத்தில், மற்றொருவர் இந்தியில். இணையத்தில் ஏற்றப்படும் நகல் சில நேரம் பாதி பக்கம் கறுத்துப்போயிருக்கும். படிக்கவே இயலாத பத்திரங்களை ஏடிஆர் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை பேரை அவ்வாறு விட்டுவிட்டோம் என்பதை அறிக்கையிலேயே குறிப்பிட்டுவிடுகிறது.

வேட்புமனு திரும்பப் பெறும் நாளுக்கும் வாக்குப்பதிவு நாளுக்கும் இடையே இருப்பது சுமார் இரண்டு வாரம்தான். அதற்குள் ஒவ்வொரு பத்திரத்தையும் படித்து, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழக்கு, அதற்கு உச்சபட்சத் தண்டனை என்ன, பிணையில் வெளிவரக்கூடிய குற்றமா இல்லையா என்று வகை பிரிக்க வேண்டும். ஒரு பூஜ்யம் கூடினால் லட்சாதிபதி கோடீஸ்வரர் ஆகிவிடுவார். ஒரு பிரிவு எண் மாறினால் மறியலில் ஈடுபட்டவர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவார். ஆகவே ஒருவர் பதிவு செய்ததை இன்னொருவர் சரிபார்த்தே தீர வேண்டும். ஒரு தவறான வரி போதும், அமைப்பின் நம்பகத்தன்மை முழுவதும் கேள்விக்குள்ளாகிவிடும்.

வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். போராட்டங்களில் கலந்துகொண்டதற்காகப் பதியப்பட்ட வழக்குகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால்தான் ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரியவை, பிணையில் விட முடியாதவை, கொலை, ஆள்கடத்தல், பெண்களுக்கு எதிரான குற்றங்கள் போன்றவற்றைக் ‘கடுமையான வழக்குகள்’ என்று ஏடிஆர் தனியே காட்டுகிறது.

பேராசிரியர்கள் தொடுத்த வழக்கு

இன்று வெகு இயல்பாகத் தோன்றும் இந்தத் தகவல்கள் 2002-க்கு முன்பு வாக்காளருக்குக் கிடைக்கவில்லை. வேட்பாளர் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதை மட்டுமே நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

1999-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலர், திரிலோசன் சாஸ்திரி, ஜெகதீப் சோக்கர் உள்ளிட்டோர், டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். வேட்பாளர்களின் குற்றப் பின்னணி, சொத்து, கல்வி விவரங்களை வாக்காளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் அதே ஆண்டு பரிந்துரைத்ததை ஒட்டிய கோரிக்கைதான் அது. 2000 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. மக்கள் சிவில் உரிமைக் கழகமும் (பியுசிஎல்) தனி மனுவுடன் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்பளித்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. நாடாளுமன்றத்தில் எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் ஒன்றாகின. ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. தீர்ப்பின் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்யும் அவசரச் சட்டம் ஒன்று தயாரானது. குடியரசுத் தலைவராகப் பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த அப்துல் கலாம், 2002 ஆகஸ்டில் அதை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதை மாற்றமின்றி மீண்டும் அனுப்பியது. மரபுப்படி அவர் கையெழுத்திட்டார். பின்னர் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கியது. பியுசிஎல் மறுபடியும் நீதிமன்றம் போனது. 2003 மார்ச் 13 அன்று, நீதிமன்ற உத்தரவுகளை மீறி விவரங்களை மறைக்க இடம் தந்த 33பி பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

மூன்று ஆண்டுகளுக்கும் மேலான காலம், இரண்டு நீதிமன்றங்கள், ஒரு அவசரச் சட்டம், ஒரு சட்டத்திருத்தம் என்று நீண்ட அந்தப் போராட்டத்தின் விளைவே இன்று நாம் தேநீருடன் படித்துக் கடக்கும் அந்தப் பட்டியல்.

இந்த மனிதர்கள் யார்? அவர்களில் ஒருவரான ஜெகதீப் சோக்கர் 2025 செப்டம்பர் 12 அன்று தமது 80-ஆவது வயதில் காலமானார். தொடக்கத்தில் ரயில்வேயில் பொறியாளர். பிறகு மேலாண்மைப் பேராசிரியர். பிற்காலத்தில் சட்டமும் பயின்றார். பறவைகளை அவதானிப்பதில் ஈடுபாடு கொண்டவர். இறந்த பின் அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக அளிக்கப்பட்டது. அவர் தேர்தலில் நிற்கவில்லை. எந்தப் பதவியையும் தேடவில்லை. கால் நூற்றாண்டு காலம் அவர் செய்ததெல்லாம், அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கணக்குக் கேட்டதுதான்.

கோதுமைக் கிடங்கும் சத்துணவும்

பியுசிஎல் இன்னும் பழைய அமைப்பு. நெருக்கடிநிலை நடைமுறையில் இருந்த 1976 அக்டோபரில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியில் தொடங்கப்பட்டது. கட்சி வேறுபாடுகளைக் கடந்து, யாருடைய ஆட்சியானாலும் குடிமக்களின் உரிமைக்காகப் பேச ஓர் அமைப்பு வேண்டும் என்பது நோக்கம். 1980-இல் அது உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பாகப் புத்துயிர் பெற்றது. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ எந்த நிதி நிறுவனத்திடமும் பணம் பெறுவதில்லை என்பது அதன் விதி. உறுப்பினர்களே செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வழக்கறிஞர், ஆசிரியர், மருத்துவர், ஓய்வுபெற்றவர் எனப் பலரும் தம் வேலைக்கு நடுவே இதையும் செய்கிறார்கள்.

அவர்களுடைய தலையாய கருவி ‘உண்மை அறியும் குழு’. துப்பாக்கிச் சூடு, காவல் நிலைய மரணம், சாதிக் கலவரம் என ஏதேனும் நடந்தால் நான்கைந்து பேர் அந்த ஊருக்குப் போவார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சந்திப்பார்கள். காவல் துறையிடமும் வருவாய்த் துறையிடமும் அவர்கள் தரப்பைக் கேட்பார்கள். முதல் தகவல் அறிக்கையையும் உடற்கூறாய்வு அறிக்கையையும் தேடுவார்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று எழுதிக்கொள்வார்கள். பேச அஞ்சுபவரைப் பேசவைப்பதும், பேசிய பின் அவருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வதும் கடினமான வேலை. சாட்சியின் பெயரை அறிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவில் ஒருவருடைய வாழ்க்கையே அடங்கியிருக்கலாம்.

அத்தகைய பதிவுகள் சில நேரம் நாட்டின் சட்டத்தையே மாற்றியிருக்கின்றன. 2001-இல் ராஜஸ்தானில் கடும் வறட்சி. ஜெய்ப்பூருக்கு வெளியே இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் தேங்கிக் கிடந்தது. அருகில் இருந்த கிராமங்களில் மக்கள் பட்டினி. இந்த முரணை முன்வைத்து அந்த ஆண்டு ஏப்ரலில் பியுசிஎல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. காமராசர் காலத்தில் தமிழ்நாடு தொடங்கி, 1982-இல் எம்ஜிஆர் விரிவாக்கிய திட்டத்தின் பயன், அந்த ஆணையின் வழியாகப் பிற மாநிலப் பிள்ளைகளையும் சென்றடைந்தது. அந்த வழக்கு எழுப்பிய கேள்விகளே 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரை நீண்டன.

தமிழ்நாட்டு வாக்காளர்களுக்கு ‘49-ஓ’ என்னும் சொல் நினைவிருக்கும். யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்றால் வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்திட வேண்டும். யார் வாக்களிக்க மறுத்தார் என்பது அறையில் உள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும். வாக்கின் ரகசியம் இதனால் பறிபோகிறது என்று 2004-இல் பியுசிஎல் தொடுத்த வழக்கில், 2013 செப்டம்பர் 27 அன்று, அன்றைய தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் கடைசிப் பொத்தானாக ‘நோட்டா’ வந்தது அப்படித்தான். தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு விதிமுறை வகுத்த 1996 தீர்ப்பு, காவல் துறை மோதல் சாவுகளை எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்று நெறிமுறைகள் தந்த 2014 தீர்ப்பு ஆகிய இரண்டும் இதே அமைப்பு தொடுத்த வழக்குகளில் வந்தவையே.

தேர்தல் பத்திரங்களின் ஆறாண்டுகள்

கணக்குக் கேட்கும் வேலையின் பொறுமை என்னவென்பதைத் தேர்தல் பத்திர வழக்கு காட்டியது. 2017-இல் நிதிச் சட்டத்தின் வழியே கொண்டுவரப்பட்ட இந்தத் திட்டத்தில், எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது மக்களுக்குத் தெரியாது. நிறுவனங்கள் நன்கொடை வழங்குவதற்கு இருந்த லாப அடிப்படையிலான உச்சவரம்பும் நீக்கப்பட்டது. ஏடிஆரும் ‘காமன் காஸ்’ அமைப்பும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் சென்றன. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் தனியே வழக்குத் தொடுத்தது.

தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரி 15-இல். இடைப்பட்ட ஆறாண்டுகளில் ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் முடிந்துவிட்டன. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தார்கள். கருத்துச் சுதந்திரத்தில் வாக்காளரின் தகவல் அறியும் உரிமையும் அடங்கும் என்பதே அடிப்படை. 2002, 2003 தீர்ப்புகளில் ஊன்றப்பட்ட விதை இருபதாண்டுகளுக்குப் பின் தந்த பலன் அது. விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கி கேட்டது. நீதிமன்றம் மறுத்த மறுநாளே விவரங்கள் ஆணையத்தின் கைக்குச் சென்றன.

வெளிவந்த கணக்கு எந்த ஒரு கட்சியையும் மட்டும் சங்கடப்படுத்தவில்லை. பத்திரங்களால் மிக அதிகம் பெற்றது பாஜக. மிக அதிகமாகப் பத்திரம் வாங்கியது, கோவையோடு தொடர்புடைய பியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். மதிப்பு 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி ரூபாய் தன்னிடம் வந்ததாகத் திமுகவே ஆணையத்துக்குத் தெரிவித்திருந்தது. அதே நிறுவனத்திடமிருந்து திரிணமூல் காங்கிரஸும் பெருந்தொகை பெற்றிருந்தது. இந்தத் தகவல்களை வைத்து யாருக்கு வாக்களிப்பது என்பது வாக்காளரின் முடிவு. ஆனால், தகவல் இல்லாமல் எடுக்கும் முடிவு கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கும் முடிவு.

கொடுக்கும் விலை

இந்த வேலைக்கு விலை உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற குழந்தை மருத்துவர் விநாயக் சென், சத்தீஸ்கரின் ஏழைகளிடையே பணியாற்றியவர். பியுசிஎல்லின் தேசியத் துணைத் தலைவராக இருந்தவர். ‘சல்வா ஜுடூம்’ என்னும் ஆயுதக் குழுவின் அத்துமீறல்களைப் பதிவு செய்த உண்மை அறியும் பணியில் அவருடைய அமைப்பு பங்கேற்றது. 2007 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். 2010-இல் தேசத் துரோக வழக்கில் விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. அதே ஆண்டு ஜூலையில், பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் கொடுத்து மோதவிட்ட ஏற்பாடு அரசமைப்புக்கு விரோதமானது என்று, வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

பியுசிஎல்லின் தேசியச் செயலாளராக இருந்த வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் 2018 ஆகஸ்டில் பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தும் அவர் மீதான வழக்கு விசாரணை தொடங்கவில்லை. அதே வழக்கில் கைதான பாதிரியார் ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்தவர். ஜார்க்கண்டில், விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் வாடிய பழங்குடி இளைஞர்களைப் பற்றி ஆய்வு நடத்தி, அவர்களுக்காக நீதிமன்றத்தையும் அணுகியவர். யாருடைய நிலையைப் பதிவு செய்தாரோ அவர்களில் ஒருவராகவே அவரும் ஆனார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் கோப்பைக்காக அவர் மனுச் செய்ய நேர்ந்ததை நாடு அறியும். பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று, 84-ஆவது வயதில், விசாரணைக் கைதியாகவே மும்பை மருத்துவமனையில் மறைந்தார்.

சிறையைவிட ஓசையின்றி முடக்குவது பணம். 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முன்பு இது 50 விழுக்காடு. ஓர் அமைப்பு தான் பெற்றதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது. ஆய்வும் சட்ட உதவியும் செய்யும் அமைப்புக்கு ஆட்களின் ஊதியமே பெரும் செலவு என்பதால், அது நிர்வாகச் செலவாகக் கணக்கிடப்பட்டால் தாக்குப்பிடிப்பது கடினம். நகரத்து அமைப்பிடமிருந்து சிறு தொகை பெற்று இயங்கிய கிராமத்து அமைப்புகளுக்கும் வழி அடைபட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களை உறுதி செய்தது. வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அதே கண்டிப்பு கட்சிகளிடம் காட்டப்பட்டதா? 2014 மார்ச் 28 அன்று, ஏடிஆரும் முன்னாள் அரசுச் செயலாளர் இ.ஏ.எஸ்.சர்மாவும் தொடுத்த வழக்கில், பாஜகவும் காங்கிரஸும் வெளிநாட்டு நிறுவனத்தின் கிளைகளிடம் நன்கொடை பெற்று இந்தச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் கண்டது. அதன் பிறகு 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியே வெளிநாட்டு நிறுவனம் என்பதன் வரையறை முன்தேதியிட்டு மாற்றப்பட்டது. இரண்டாவது திருத்தம் 1976 வரை பின்னோக்கிச் சென்றது. தொண்டு அமைப்புக்கு இறுகிய சட்டம் கட்சிகளுக்கு நெகிழ்ந்து கொடுத்தது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த அமைப்புகளிடமும் கேள்விகள் கேட்கப்பட வேண்டும். ‘உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?’ என்பது முதல் கேள்வி. நியாயமானதுதான். அவர்களுக்கு மக்களின் வாக்கு கிடையாது. ஆகவே, ஆணையிடும் அதிகாரமும் கிடையாது. அவர்களால் முடிந்தது கேட்பது மட்டுமே. தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது, சட்டம் நாடாளுமன்றத்தினுடையது. கேட்பதற்குக் குடிமகன் என்ற தகுதியே போதும். அதே வேளையில், பிறரிடம் கணக்குக் கேட்பவர்கள் தம் வரவு செலவையும் தம் தவறுகளையும் முதலில் வெளியிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

அவர்கள் எப்போதும் சரியாக இருப்பதுமில்லை. ஒப்புகைச் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற ஏடிஆரின் கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. தேர்தல் நடைமுறை மீது ஆதாரமின்றி ஐயம் எழுப்பக் கூடாது என்று கடிந்தும் கொண்டது. தோற்ற வழக்குகளும் இந்த வேலையின் பகுதியே.

இரண்டாவது கேள்வி கடுமையானது: இவ்வளவு எண்ணியும் என்ன மாறியது? 2009 மக்களவையில் 162 உறுப்பினர்கள், அதாவது 30 விழுக்காட்டினர், தம் மீது வழக்குகள் இருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள். 2024-இல் அது 251 பேர், 46 விழுக்காடு. கடுமையான வழக்குகள் உள்ளவர்கள் 14-இலிருந்து 31 விழுக்காடாக உயர்ந்தார்கள். கோடீஸ்வரர்கள் 58-இலிருந்து 93 விழுக்காடு. வெளிப்படைத்தன்மை வந்த பிறகு நிலைமை மேம்படவில்லை. எண்கள் எதிர்த்திசையில் போகின்றன.

ஏடிஆரின் கணக்கே இதற்கு ஒரு விடை தருகிறது. 2024-இல் வழக்குள்ள வேட்பாளர்களில் வென்றவர்கள் 15.3 விழுக்காடு, வழக்கில்லாதவர்களில் 4.4 விழுக்காடு. இரண்டாவது வகையில் வைப்புத்தொகையை இழக்கும் சுயேச்சைகள் ஏராளம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும், பணமும் ஆள்பலமும் உள்ளவருக்கே கட்சிகள் இடம் தருகின்றன என்பது புலனாகிறது. வழக்குள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சிகள் காரணம் சொல்ல வேண்டும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெற்றிவாய்ப்பு மட்டும் காரணமாக முடியாது என்றும் சொன்னது. கட்சிகள் எழுதிக் கொடுக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013-இல் அறிவித்ததையும் அவை செயல்படுத்தவில்லை.

ஆக, கணக்குப்பிள்ளை கணக்கை எழுதித்தான் வைக்க முடியும்; கடை நஷ்டத்தில் போவதை அவரால் தடுக்க முடியாது. ஆனால், கணக்கே இல்லாத கடையில் நஷ்டம் போவதுகூடத் தெரியாது. 30 விழுக்காடு 46 ஆனது என்று இன்று நம்மால் கவலைப்பட முடிவதே, யாரோ உட்கார்ந்து எண்ணியதால்தான்.

பெயர்களின் பட்டியல்

2025 ஜூன் மாதம் பிஹாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தேர்தல் ஆணையம் அறிவித்தபோது, முதலில் உச்ச நீதிமன்றத்தை அணுகியவர்களில் ஏடிஆரும் பியுசிஎல்லும் உண்டு. திருத்தப் பணிக்கு நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இருமுறை பதிவானவர்கள் என்று மொத்த எண்ணிக்கை சொல்லப்பட்டது. யார் எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டார் என்பது சொல்லப்படவில்லை. அந்தப் பெயர்களைக் காரணத்துடன் வெளியிட வேண்டும் என்று ஏடிஆர் கேட்டது. அப்படி வெளியிட விதிகளில் இடமில்லை என்றது ஆணையம். ஆகஸ்ட் 14 அன்று, நீக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும் காரணத்துடன் வெளியிடுமாறு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

65 லட்சம் என்பது வெறும் எண்ணாக இருக்கும்வரை அதை யாரும் சரிபார்க்க முடியாது. வாக்குச்சாவடி வாரியாகப் பெயர்கள் வெளிவந்த பிறகு, தன் பெயருக்கு நேரே ‘இறந்தவர்’ என்று இருப்பதைக் கண்ட ஒருவர், ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று மனுக் கொடுக்க முடிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அதே திருத்தப் பணி தமிழ்நாட்டுக்கும் வந்தது. நம்மில் பலர் வரைவுப் பட்டியலைத் திறந்து வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைத் தேடினோம். நீக்கப்பட்டவர் தன் பெயரையும் காரணத்தையும் கேட்டுப் பெறலாம் என்ற நிலை, பிஹாருக்காக எழுந்த அந்தக் கேள்வியால் வந்தது.

இந்த அமைப்புகளில் பணியாற்றுபவர்களை நாம் கொண்டாட வேண்டியதில்லை. அவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கவும் வேண்டாம். அடுத்த தேர்தலில் நம் தொகுதி வேட்பாளரின் படிவம் 26-ஐ ஒருமுறை திறந்து படிக்கலாம். சொத்து எவ்வளவு கூடியிருக்கிறது, எந்தப் பிரிவில் வழக்கு என்று பார்க்கலாம். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். அவர்கள் கணக்கை எழுதிவைத்துவிட்டார்கள். அதைப் புரட்டிப் பார்க்க வேண்டியது நாம்தான்.